குல்மார்க்கில் ஒரு சறுக்கு நாள்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டைப் போன்ற, சமுத்திரத்துக்குச் சமீபமான ஒரு கிராமத்தில், மார்கழி மாதத்து விடியற்காலையில் உஷ்ணமானி இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டாலே காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, ‘இந்த வருஷம் பனி ஜாஸ்தி’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்கள் நாம். இடுப்பளவுக்கு விழுந்து கிடக்கும் வெண்பனியின் மேல், ‘ஸ்கீ’ என்னும் இரண்டு நீண்ட பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மனிதர்கள் தாமாகவே விரும்பிப் போய் மலைச்சரிவில் வழுக்கி இறங்குகிறார்கள் என்பது நமக்குக் காசு மிகுந்தவர்களின் விபரீத விநோதமாகத் தோன்றினால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு இந்த விளையாட்டு முற்றிலும் அந்நியமானதென்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஊரில் ‘சொல்தா’ என்று பெயர் பெற்றவர்களின் வம்சத்தாரும், பிரெஞ்சுப் பிரஜாவுரிமையோடு பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறியவர்களின் உறவினர்களும் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். அந்தத் தேசத்திலோ பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி மாதத்தை ஒட்டி இரண்டு வாரம் விடுமுறை விடுவதும், வசதியுள்ள குடும்பங்கள் அந்த விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைக்குச் சறுக்கப் போவதும் நெடுநாள் வழக்கம். குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் 1924இல் முதன்முதலாக நடைபெற்றதே பிரான்ஸின் ஷமோனி என்ற மலை நகரத்தில்தான். பிறகு 1968இல் கிரெனோபிளிலும் 1992இல் ஆல்பர்வில்லிலும் நடந்து, 2030இல் மறுபடியும் பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கே வரவிருக்கின்றன. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் இப்போதெல்லாம் சுற்றுலாக் கோஷ்டிகளோடு காஷ்மீரத்துக்குப் போய்வருகிறார்கள். போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால், தாம் சறுக்கியதைப் பற்றியும் விழுந்ததைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசுகிறார்களே ஒழிய, தம் காலுக்குக் கீழே கிடந்த பனியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அந்த நாள் இன்பமாகக் கழிவதா, வீணாகப் போவதா, அல்லது விபத்தில் முடிவதா என்பதைச் சறுக்குகிறவனுடைய தைரியத்தைவிட அந்தப் பனியின் குணமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதைச் சற்று விளக்கிச் சொல்லுவதே என் உத்தேசம்.

நம் தேசத்தில் சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன ஸ்தலங்கள் சிலவே: உத்தராகண்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் அவுலி, இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங், சிம்லாவைத் தாண்டிய நார்கண்டா, இவற்றுக்கெல்லாம் தலைமையாகக் காஷ்மீரத்தின் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில், பிர் பஞ்சால் மலைத்தொடரின் மேல், ஊசியிலை மரக் காடுகள் சூழ்ந்த ஒரு புல்வெளி அது. அதன் உயரம் 2,650 மீட்டர். நமது நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதாவது, தொட்டபெட்டாச் சிகரம் முடிகிற மட்டத்தில் குல்மார்க்கின் தரையே ஆரம்பிக்கிறது. அப்படியானால் தொட்டபெட்டாவில் ஏன் வெண்பனி கொட்டிக் குவிவதில்லை, உதகையில் குளிர் மிகுந்த இரவுகளில் புல்லின் மேல் வெறும் உறைபனி மட்டும் ஏன் படிகிறது என்று யாரேனும் கேட்டால், உயரம் ஒன்றே போதாது என்பதுதான் விடை. நீலகிரி பூமத்திய ரேகையிலிருந்து பதினொரு டிகிரி வடக்கே இருக்கிறது. குல்மார்க் முப்பத்துநான்கு டிகிரி வடக்கே இருக்கிறது. நம் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொட்டிவிட்டு ஓயும் காலத்தில்தான், மத்தியதரைக் கடல் பக்கத்தில் பிறந்து ஈரான், ஆப்கானிஸ்தானங்களைக் கடந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் — வானிலைக்காரர்கள் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்று சொல்லுபவை — ஒன்றன்பின் ஒன்றாக இமயத்தில் மோதித் தம் ஈரத்தைப் பனியாக இறக்குகின்றன. டிசம்பர் 21ஆம் தேதி தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரத்தார் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். அந்த நாற்பது நாளில் விழும் பனிதான் கெட்டியாக நிலைத்து நிற்கும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அனுபவம்.

குல்மார்க்கில் சறுக்கு விளையாட்டை 1927இல் ஒரு சங்கம் வைத்து ஆரம்பித்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். கோடையில் குளிர் தேடி வந்து கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் குளிர்காலத்திலும் ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. அந்தப் பொழுதுபோக்கு தேசத்துக்கு அவசியமான ஒரு வித்தையாக மாறியது சுதந்திரத்துக்குப் பிறகே. 1948இல் காஷ்மீர யுத்தத்தின்போது அங்கே 19ஆம் காலாட்படை டிவிஷனுக்குத் தலைமை வகித்த திம்மய்யா, பனிமலையில் போர் புரியப் பனியில் நடமாடத் தெரிந்த சிப்பாய்கள் தேவை என்று கண்டு, குல்மார்க்கில் ஒரு சறுக்குப் பள்ளியை நிறுவினார். காபித் தோட்டங்களும் மழையும் நிறைந்த குடகு நாட்டில் பிறந்த ஒரு தென்னாட்டவர், இமயத்தின் பனியில் இந்தியப் படைக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க வழிசெய்தார் என்பதை நினைக்க எனக்குத் தனியொரு சந்தோஷம் உண்டாகிறது. அந்தச் சின்னப் பள்ளிதான் வளர்ந்து, மலையுச்சிப் போர்முறையைக் கற்பிக்கும் ராணுவக் கலாசாலையாக இன்று விளங்குகிறது.

இனி நாளுக்கு வருவோம். சறுக்குகிறவர்களின் நாள் விடியற்காலையில் தொடங்குவதாக வெளியூரார் எண்ணுகிறார்கள். உண்மையில் அது முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. இரவு முழுவதும் பனி பெய்ததா, எத்தனை அங்குலம் பெய்தது, பெய்தபோது காற்று அடித்ததா, அடித்தது எந்தத் திசையிலிருந்து, உஷ்ணம் எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று விடிந்ததும் விடுதி வாசலில் நின்று ஸ்கீ பயிற்றுநர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதைக் கேட்கலாம். அவர்கள் கண்ணில் பனி என்பது ஒரு பொருளல்ல; பல பொருள்கள். அமைதியான குளிர்ந்த இரவில் காற்றின்றி விழுந்த புதுப்பனி, ஒரு கன மீட்டருக்கு ஐம்பது முதல் நூறு கிலோ எடைதான் இருக்கும். அதே அளவு தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அவ்வளவு இலேசான அந்தப் பனியில் பெரும்பங்கு வெறும் காற்றே. காலை வைத்தால் முழங்கால் வரை புதைந்துபோகும். அகலமான பட்டையில் நின்று இறங்கினாலோ, உடம்பு பாதி மிதந்தும் பாதி அமிழ்ந்தும் ஒரு சப்தமும் இல்லாமல் போகும். இந்தப் ‘பவுடர்’ பனிக்காகவே ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மனிதர்கள் சமுத்திரங்களைக் கடந்து குல்மார்க்குக்கு வருகிறார்கள்.

ஆனால் அந்தப் பனி அப்படியே கிடக்குமென்று எண்ணிவிடக் கூடாது. ஆகாயத்தில் ஆறு கிளைகளோடு உருவாகிற பனிப்பளிங்கு, தரையில் விழுந்த கணத்திலிருந்து தன் உருவத்தை இழக்கத் தொடங்குகிறது. அதன் கூரிய முனைகள் தேய்கின்றன, பளிங்குகள் உருண்டையாகின்றன, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படுகின்றன. காற்று அடித்தால் பளிங்குகள் நொறுங்கிச் சிகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே இறுகிய பலகையாகப் படிகின்றன. வெயில் பட்டால் மேல்தோல் உருகி, மாலையில் அது மறுபடியும் உறைந்து கண்ணாடிப் பொருக்காகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உக்கிசிரோ நக்காயா என்ற பௌதிக சாஸ்திரி 1936இல் பரிசோதனைச்சாலையிலேயே பனிப்பளிங்கை உண்டாக்கி, எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் எந்த வடிவம் பிறக்கிறது என்று காட்டினார்.

பட்டை ஏன் வழுக்குகிறது என்பதும் விநோதமான விஷயம். பட்டையின் அடிப்பக்கம் பனியோடு உராயும்போது உண்டாகும் சொற்ப உஷ்ணத்தில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தோன்றி எண்ணெய் போட்டதைப் போல உதவுகிறது. பனி உருகும் நிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கையில் இது நன்றாக நடக்கிறது. குளிர் மிகமிகக் கடுமையானால் அந்தப் படலம் உண்டாகாமல் பட்டை இழுபடும். வெயிலில் பனி ஊறிப்போனால் நீர் அதிகமாகிப் பட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஆகையினால்தான் தேர்ந்தவர்கள் அன்றாடச் சீதோஷ்ணத்தைப் பார்த்து அதற்கேற்ற மெழுகைத் தேய்த்துக்கொண்டு புறப்படுகிறார்கள்.

முதல்முறை வருகிறவர்களுக்கு இத்தனை சூட்சுமங்கள் தேவையில்லை. ஸ்ரீநகரிலிருந்து வரும் வண்டி வழியிலுள்ள தங்மார்க்கிலேயே நின்றுவிடும். பனி மிகுந்த நாளில் அதற்கு மேல் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி பூட்டிய வண்டிகள்தான் ஏறும். அங்கேயே ஓவர்கோட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். குல்மார்க்கில் இறங்கியதும் மரத்தால் செய்த ஸ்லெட்ஜில் உட்காரவைத்து இழுத்துப் போகிறோம் என்று கூலியாட்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு மனிதன் மூச்சிரைக்க முன்னால் இழுக்க, இன்னொரு மனிதன் அதன்மேல் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ளும் காட்சி எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் குளிர்காலத்து நாலு மாதச் சம்பாத்தியத்தில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமுமில்லை.

கற்றுக்கொள்ளுகிறவர்களை, கிட்டத்தட்டச் சமதரை என்றே சொல்லத்தக்க சிறு மேடுகளுக்குப் பயிற்றுநர் அழைத்துப் போவார். முதலில் கனத்த பூட்ஸை மாட்டுவதே ஒரு பிரயத்தனம். கணுக்காலை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பூட்ஸோடு நடப்பவன் நடை மறந்தவனைப் போலத்தான் நடப்பான். பிறகு விழக் கற்றுக்கொடுப்பார்கள், விழுந்த பின் எழுந்திருக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதன்பிறகு, இரண்டு பட்டைகளின் முன்முனைகளையும் ஒன்றுசேர்த்துப் பின்முனைகளை அகலவிரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் முறை. பயம் தோன்றினால் மனித சுபாவம் உடம்பைப் பின்னால் சாய்க்கச் சொல்லும்; பின்னால் சாய்ந்தாலோ பட்டையின் முன்பகுதி பனியைப் பிடிப்பதை விட்டுவிடும், வேகம் கூடும், ஆசாமி விழுவான். சரிவை நோக்கி முன்னால் சாய்கிறவனுக்கே பட்டை அடங்கும். ஒரு முழுநாள் நிதானமான பயிற்சியில் சாதாரணத் தேக நலமுள்ள எவரும் நின்று இறங்கவும் விரும்பிய இடத்தில் நிறுத்தவும் கற்றுக்கொண்டுவிடலாம்.

பழகியவர்களோ கோண்டோலாவுக்குப் போவார்கள். ஆறு பேர் அமரும் கண்ணாடிக் கூண்டுகள் இரும்புக்கயிற்றில் தொங்கியபடி மலைமேல் ஏறும் அந்த யந்திரத்தை அமைத்துக்கொடுத்தது, கிரெனோபிள் நகருக்குச் சமீபத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் போமகால்ஸ்கி என்ற பிரெஞ்சு ஸ்தாபனம். 1980களின் இறுதியில் ஆரம்பித்த வேலை, காஷ்மீரத்தில் கலவரம் மூண்டதால் வருஷக்கணக்கில் நின்றுபோய், 1998இல்தான் கொங்டூரி வரையிலான முதற்கட்டம் திறக்கப்பட்டது. அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்வரை போகும் இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டது. மேல் நிலையம் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். செலியமேட்டிலிருந்து போகிறவர் அங்கே நாலு அடி வேகமாக எடுத்துவைத்தால் இருதயம் படபடக்கும், தலை லேசாகச் சுற்றும்; ஸ்ரீநகரிலும் குல்மார்க்கிலும் ஒவ்வோர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு போவதே விவேகம். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது தொண்ணூறு சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கறுப்புக் கண்ணாடி அணியாதவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே கண் எரிந்து நீர் கொட்டும். நம் வெயிலில் பழகிய தோல்தானே என்று அலட்சியமாக இருந்தவர்களின் மூக்கும் உதடும் உரிந்துபோவது அங்கே சகஜம்.

காலையில் ஒருவிதமாக இருந்த சரிவு நடுப்பகலில் வேறாகவும் மாலையில் மற்றொன்றாகவும் மாறிவிடும். சூரியன் நேரே படாத வடக்கு முகச் சரிவுகளில் புதுப்பனி நாட்கணக்கில் உலர்ந்தே கிடக்கும். தெற்கு முகச் சரிவுகளில் ஒரு பகல் வெயிலே அதைக் கெடுத்துவிடும். மார்ச் மாதம் வந்துவிட்டால் விஷயம் தலைகீழாகிறது. இரவில் உறைந்து காலையில் கல்லாகக் கிடக்கும் பனி, பத்து மணி வெயிலில் மேலே ஓர் அங்குலம் மட்டும் இளகும் அந்தச் சிறு பொழுதில்தான் சறுக்கத் தோதாகும். மதியம் தாண்டினால் அது வெறும் சேறு. ஆகவே எப்போது போவது என்பதோடு, எந்த மணியில் எந்தச் சரிவில் இருப்பது என்பதும் இந்த வித்தையில் ஒரு பாதி.

பனியைப் பற்றிய இந்த அறிவைச் சறுக்கு வித்தையின் பிரதான அங்கமாக வற்புறுத்தியவர்களில் ஒருவர் நம் சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. ஆர்னால்ட் லன் என்ற அந்த ஆங்கிலேயர் 1888ஆம் வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் ஹென்றி லன் இங்கே ஊழியம் செய்ய வந்த மெதடிஸ்ட் மிஷனரி வைத்தியர். சீக்கிரமே தாய்நாட்டுக்குத் திரும்பிப் பிறகு, சுவிட்சர்லாந்துக்குப் பிரயாணிகளை அழைத்துப் போகும் வியாபாரத்தில் இறங்கிப் பெயரெடுத்தார். மகனுக்குப் பனிமலை விளையாட்டு மைதானமாயிற்று. 1909இல் வேல்ஸ் நாட்டு மலையொன்றில் விழுந்து கால் நொறுங்கி, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிப்போன பின்னும் அவர் சறுக்குவதை விடவில்லை; 1917இல் 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் அந்தக் காலோடு ஸ்கீயின் துணையால் ஏறினார். மலைப்பனியின் வகைகளையும் பனிச்சரிவின் காரணங்களையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார்.

ஆயினும் உலகம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. 1922 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் ம்யூரென் கிராமத்துச் சரிவில் இரண்டிரண்டு கொடிகளாக நட்டு, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து யார் விரைவாக இறங்குகிறார் என்று பார்க்கும் புதுமாதிரிப் பந்தயம் ஒன்றை அவர் நடத்தினார். அதற்கு முன்னெல்லாம் நடை அழகுக்கும் மதிப்பெண் போடுவார்கள்; லன் அதை ஒதுக்கிவிட்டுக் கடிகாரம் ஒன்றையே நடுவராக வைத்தார். இன்றைய ஸ்லாலம் என்ற பந்தயம் பிறந்தது அப்போதுதான். நார்வேக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள் என்றாலும், 1930இல் சர்வதேசச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது; 1936 ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. லன் நிறுவிய சங்கத்துக்குக் கந்தஹார் சங்கம் என்று பெயர். 1911இல் ஒரு சறுக்குக் கோப்பையை அளித்த லார்ட் ராபர்ட்ஸின் பட்டத்திலிருந்து வந்த பெயர் அது. அந்த ராபர்ட்ஸும் 1880களில் சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். வெண்பனி ஒருநாளும் விழாத பட்டணத்துக்கு இந்த விளையாட்டின் சரித்திரத்தில் இப்படி இருமுறை சம்பந்தம் ஏற்பட்டிருக்கிறது.

இனி, இன்பத்தின் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பனிச்சரிவு என்பது மலையுச்சியிலிருந்து பனியுருண்டை ஒன்று உருண்டு பெரிதாகி வருவதென்று சிறுவர் படக்கதைகள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. உண்மை வேறு. சறுக்குகிறவர்களைக் கொல்லும் பனிச்சரிவு பெரும்பாலும் அவர்கள் காலடியிலேயே, அவர்கள் பாரத்தாலேயே புறப்படுகிறது. குளிர்காலத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு பல நாள் வானம் வெளுத்து நல்ல குளிர் அடித்தால், அந்த மெல்லிய பனியின் அடிப்பகுதி தரையின் வெப்பத்துக்கும் மேலேயுள்ள குளிருக்கும் நடுவே அகப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டாத பருத்த மணிகளாக மாறிவிடுகிறது. அதன்மேல் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரே மூச்சில் நாலைந்து அடிப் பனி கொட்டி, காற்றால் இறுகிப் பலகையாகிறது. களத்தில் காயப்போட்ட மணிலாக் கொட்டையின் மேல் ஒரு பெரிய பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றவனுடைய கதிதான், அந்தச் சரிவில் போகிறவனுக்கு. அவன் பாரத்தால் அடியிலுள்ள மணிகள் ஓரிடத்தில் நொறுங்கினால் அந்த முறிவு கணப்பொழுதில் பக்கவாட்டில் ஓடிப் பரவி, மலையின் ஒரு முகமே பெயர்ந்து கீழே இறங்கும். முப்பது டிகிரிக்கும் நாற்பத்தைந்து டிகிரிக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் இது பெரும்பாலும் நேருகிறது. தேர்ந்தவர்கள் சறுக்க ஆசைப்படுவதும் அதே சாய்வில்தான் என்பது விதியின் கொடுமை.

குல்மார்க்கில் கோண்டோலாவை ஒட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள சரிவுகளை ஸ்கீ ரோந்துக்காரர்கள் பரிசோதித்து, அவசியமானால் வெடிவைத்து அபாயமான பனியை முன்கூட்டியே இறக்கிவிட்டுத்தான் திறக்கிறார்கள். அந்த எல்லைக் கயிற்றைத் தாண்டினால் பொறுப்பு அவரவருடையது. 2023 பிப்ரவரி முதல் தேதி அஃபர்வத்தின் பின்பக்கச் சரிவில் போலந்து தேசத்தவர் இருவர் பனிச்சரிவில் அகப்பட்டு இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22ஆம் தேதி, கேலோ இந்தியா குளிர்காலப் பந்தயங்கள் அதே குல்மார்க்கில் நடந்துகொண்டிருக்கையில், ரஷ்யச் சறுக்காளர் ஒருவர் புதைந்து மாண்டார். சரிவுகள் அபாயகரமாவது பெரும்பாலும் கனத்த பனிப்பொழிவை அடுத்த இரண்டொரு நாளில்; வானம் தெளிந்து மலை பளபளவென்று எல்லாரையும் அழைப்பதும் அந்த இரண்டொரு நாளில்தான்.

புதைந்தவர்களைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணியைத் தாண்டினால் மூச்சடைத்துப் பெரும்பாலோர் மாண்டுபோகிறார்கள். ஊரிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும் என்பதால், கூடப் போகிறவர்களே காப்பாற்றினால்தான் உண்டு. ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவி, உலகமெங்கும் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடித்துக்கொண்டிருக்கும். புதைந்தவனுடைய கருவி அனுப்பும் துடிப்பை மற்றவர்களுடைய கருவி தேடிக் கண்டுபிடிக்கும். அதோடு மடக்குக் கோல் ஒன்றும் மண்வாரி ஒன்றும் முதுகுப் பையில் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் எல்லையைத் தாண்டுகிறவனை நான் சாகசக்காரன் என்று அழைக்க மாட்டேன்.

இந்தப் பனியின் கோரம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைதூரச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சின் பனியாற்றில் 19,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்த ராணுவக் காவல் நிலையம் ஒன்றின் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தபோது அதில் அகப்பட்ட பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாளத்து முகாமில் இருந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இருபத்தைந்து அடிக்குக் கீழே ஆறு நாள் கிடந்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். விளையாட்டுக்காகப் பனிக்குப் போகிறவர்களின் தொகை சொற்பம். கடமைக்காகப் போகிற தென்னாட்டுப் பிள்ளைகளின் தொகை அதிகம்.

பனி மிகுந்தால் அபாயம் என்றேன். இப்போது பனி இல்லாமற்போவதே குல்மார்க்கின் பெருங்கவலையாக வளர்ந்து வருகிறது. 2024 ஜனவரியில், சில்லை கலானின் நட்டநடுவில், அந்தப் புல்வெளி பழுப்பு நிறத்தில் வறண்டு கிடந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மேற்கத்திய இடையூறுகள் அதுவரை பலமாக வரவேயில்லை. மாதக் கடைசியில்தான் பனி விழத் தொடங்கியது. 2025இல் பிப்ரவரி மாதத்துக்குக் குறித்திருந்த கேலோ இந்தியா பந்தயங்களைப் பனி போதாமையால் தள்ளிவைத்து, மார்ச் 9ஆம் தேதிதான் தொடங்க முடிந்தது. அவுலியில் 2011இல் தெற்காசியக் குளிர்காலப் பந்தயங்களுக்காகப் பனி உண்டாக்கும் யந்திரங்களையே கொண்டுவந்து வைத்தார்கள். அங்கும் 2023இல் தேசியப் போட்டியைப் பனியின்மையால் கைவிட நேர்ந்தது. யந்திரம் இருந்தால் போதாது; அது தெளிக்கும் நீர்த்துளி உறைவதற்கு, உருகும் நிலைக்குக் கீழே இரண்டு டிகிரியாவது குளிர்ந்த உலர்ந்த காற்று வேண்டும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் மலையில் அந்தக் காற்றும் அரிதாகி வருகிறது.

இந்த நிலையிலும் குல்மார்க் ஆட்களைத் தயாரித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தங்மார்க் பக்கத்துக்காரரான ஆரிஃப் கான், அப்பாவின் சறுக்குச் சாமான் கடையிலிருந்து தொடங்கி, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டார். யந்திரத்தால் உண்டாக்கிய பனியின் மேல் அமைத்த அந்தப் பந்தயச் சரிவில், ஜயன்ட் ஸ்லாலம் நடந்த பிப்ரவரி 13ஆம் தேதி நிஜப்பனி கொட்டித் தீர்த்து, அடுத்த கொடியே கண்ணுக்குப் புலப்படாத நிலையிலும் அவர் இறங்கி முடித்து 45ஆம் இடத்தைப் பெற்றார். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலத்தில் அவரால் முதல் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. சென்னையில் பிறந்தவர் ம்யூரென் கிராமத்தில் கொடி நட்டு அந்தப் பந்தயத்தைத் தொடங்கி அப்போது சரியாக நூறு வருஷம் ஆகியிருந்தது.

குல்மார்க்குக்குப் போக எண்ணுகிற வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. டிசம்பரில் பனியை நம்பிப் போகாதீர்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை உள்ள காலமே உத்தமம். போய்ச் சேர்ந்ததும் அன்றைய பனியின் நிலையை உள்ளூர்ப் பயிற்றுநரிடம் கேளுங்கள். இன்று மேலே போகவேண்டாம் என்று அவர் சொன்னால், செலவழித்த பணத்தை நினைத்துக்கொண்டு வாதாடாமல் கீழ்மேட்டிலேயே பயிற்சி செய்யுங்கள். கூலியில் பேரம் பேசி அவருடைய ஐம்பது ரூபாயைக் குறைக்க வேண்டாம். மலையின் அன்றைய குணத்தை அறிந்து சொல்லுகிற அந்த ஆளுக்கு அது அதிகமல்ல.